உரியாவோடு செத்தவர்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

மனந்திரும்புதலைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ‘என் பாவம் எனக்கும் தேவனுக்கும் நடுவே உள்ள காரியம்’ என்று சொல்லி, அதற்கு ஆதாரமாகத் தாவீது ராஜாவின் 51-ஆம் சங்கீதத்தைக் காட்டியிருந்தார் கட்டுரையாளர். “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்ற வசனம். பல வருஷம் நானும் அதைச் சொல்லித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சங்கீதம் எந்தச் சம்பவத்தின் பின்னால் பிறந்ததோ, அதை 2 சாமுவேல் 11-இல் நிதானமாய்ப் படித்துப் பார்க்க வேண்டும். தன் சேவகன் உரியாவின் மனைவியோடு பாவஞ்செய்த தாவீது, அதை மறைக்க, உரியாவைக் கொல்லச் சொல்லி எழுதிய கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். படைத்தலைவன் யோவாப் அதைப் படிக்கிறான். அந்த நிமிஷமே அவனும் கூட்டாளி. இதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். 17-ஆம் வசனத்தைத்தான் நாம் கவனிப்பதில்லை. உரியா மட்டும் சாகவில்லை. தாவீதின் சேவகரில் வேறு சிலரும் அந்தச் சண்டையில் மடிந்தார்கள். ஒருவன் சாவை இயல்பாகக் காட்ட இன்னும் சிலர் சாகவேண்டியிருந்தது. அவர்கள் பேர்கூட வேதத்தில் இல்லை. செய்தி வந்ததும் ராஜா என்ன சொன்னான்? பட்டயம் இவனையும் பட்சிக்கும், அவனையும் பட்சிக்கும், கவலைப்படாதே என்று யோவாபுக்குச் சொல்லியனுப்பினான்.

அந்தச் சேவகர்களின் மனைவிமார் கேட்க ‘ஒருவருக்கே விரோதமாக’ என்று தாவீதால் பாடியிருக்க முடியுமா? தேவனுக்கு முன்பாகப் பாவத்தின் கனத்தைச் சொல்லும் வசனம் அது. மனுஷருக்கு உள்ள கணக்கைத் தீர்த்துவிடும் ரசீதாக நாம் அதை ஆக்கிவிட்டோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கிச் சூதாடியவன் நான். கடன்காரர் கதவைத் தட்டினால் மகளை அனுப்புவேன். “அப்பா வீட்ல இல்ல” என்று சொல்லிவிட்டு வருவாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. முதல் தடவை திக்கினாள். பிறகு, நான் கேட்காமலே, நான் எந்த ஊருக்குப் போயிருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டாள். அன்று அதைக் கேட்டு நான் சிரித்தேன், ஐயா. சூது என்னுடையது. பொய்யை அவள் நாவில் வைத்ததும் நான்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆகான் என்ற ஒருவனுடைய திருட்டால் ஆயி பட்டணத்துச் சண்டையில் இஸ்ரவேலர் 36 பேர் மாண்டதைப் பிரசங்கித்துவிட்டு, அடுத்த வாரமே வியாதிக்காரர் வீட்டில் போய் ‘இங்கே யார் என்ன பாவம் செய்தீர்கள்’ என்று விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் அதைத்தான் கேட்டார்கள். இவனும் பாவஞ்செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்றார் ஆண்டவர். என் பாவம் யாரைத் தொட்டது என்று நான் தேடலாம். அடுத்தவர் வேதனைக்கு எதிரே நின்று அப்படித் தேடக்கூடாது.

கடனை அடைத்துவிட்டேன். மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்ப்பா” என்றாள். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கிய பணத்தை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னான். பணத்துக்கு அது சரி. இப்படிப்பட்டதை எப்படித் திருப்புவது? அடுத்த இதழில் கட்டுரையாளர் அதைப்பற்றி எழுதினால் நலமாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்