இரண்டு தடவை பட்டது

செல்டன்ஹாம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

குரோக்கே போட்டியில் என் தப்பை நானே சொல்லித் தோற்றதைப் பற்றி நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பாப்பா அழுதாள், நீ வைத்துவிட்டாய். "யாரும் பாக்கலைல்ல, அப்புறம் நீயே எதுக்கும்மா போய்ச் சொன்னே?" என்றாயே, ராத்திரி படுத்தும் அதுவே காதில் ஓடிக்கொண்டிருந்தது. கோபமெல்லாம் இல்லை சாமி. நான் குரோக்கே ஆடி நீ ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தோட்டத்தில் டீ குடித்துக்கொண்டே பந்தைத் தட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் ரிட்டயர் ஆகி இந்த ஊர் கிளப்புக்குள் கால் வைக்கும்வரை அப்படித்தான் நினைத்தேன். 35 கஜ நீளம், 28 கஜ அகலத்தில் ஒட்ட வெட்டிய புல்தரை. அதில் ஆறு ஹூப்கள். நம் 'ப'வைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி, இரும்பில் செய்து வெள்ளையடித்திருக்கும். பந்து 92 மில்லிமீட்டர் குறுக்களவு, அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். பெரிய போட்டிகளில் பந்து நுழைந்தது போக ஹூப்பின் இரண்டு காலுக்கும் நடுவே மிஞ்சும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எங்கள் கிளப் போட்டிகளில் கொஞ்சம் தாராளமாக வைப்பார்கள். அப்படியும் கோணம் சற்றுத் தப்பினால் பந்து காலில் இடித்து அங்கேயே நின்றுவிடும்.

நீலமும் கறுப்பும் ஒரு பக்கம், சிவப்பும் மஞ்சளும் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பந்தும் ஆறு ஹூப்பையும் இரண்டு சுற்று கடந்து, கடைசியில் நடுவில் இருக்கும் கம்பைத் தொட வேண்டும். பந்துக்குப் 13 புள்ளி, இரண்டுக்கும் சேர்த்து 26. முதலில் எடுப்பவர் ஜெயித்தார். சொல்ல இவ்வளவுதான். ருசி எல்லாம் பந்தைப் பந்தால் அடிப்பதில் இருக்கிறது. கோபியில் உன் மாமன்மாரோடு கோலி ஆடுவோம். அடுத்தவன் குண்டை அடித்துவிட்டால் இன்னொரு ஆட்டம் கிடைக்கும், ஞாபகம் இருக்கிறதா, சொல்லியிருக்கிறேனே. இங்கேயும் அதே மாதிரி. என் பந்து இன்னொரு பந்தை அடித்தால் அதற்கு ரோக்கே என்று பெயர். உடனே என் பந்தை எடுத்து அதை ஒட்டி வைத்து ஒரே அடியில் இரண்டையும் நகர்த்தலாம். அதுதான் குரோக்கே. அதற்குமேல் இன்னும் ஓர் அடி உண்டு. அந்த அடியில் ஹூப்பைக் கடந்துவிட்டால் எல்லாப் பந்தையும் மறுபடி புதிதாக அடிக்கலாம். தப்பு செய்யாதவரை ஆட்டம் நம் கையை விட்டுப் போகாது.

அந்த ஒட்டி வைத்து அடிக்கும் அடியைப் பழகவே எனக்கு இரண்டு கோடை ஆனது. மேலட்டை, அதாவது பந்தடிக்கும் நீளக் கைப்பிடிச் சுத்தியலை, எவ்வளவு சாய்க்கிறோம், எவ்வளவு தூரம் தொடர்ந்து தள்ளுகிறோம் என்பதில் எல்லாமே மாறும். ஒருவிதமாக அடித்தால் எதிர்ப்பந்து நெடுந்தூரம் ஓடும், நம்முடையது பக்கத்திலேயே நிற்கும். இன்னொருவிதமாக அடித்தால் இரண்டும் ஜோடியாகப் போகும். நம் கேரம் போர்டில் ஒரு காயைப் போடும்போதே அடுத்த காய்க்கு வழி பார்ப்போமே, அந்தக் கணக்குதான். அடுத்த ஹூப்புக்கு ஒரு பந்தை முன்கூட்டியே அனுப்பி வைக்க வேண்டும். அது சரியான இடத்தில் போய் நிற்கும்போது உள்ளங்கையில் ஒரு சுகம் ஏறும் பாரு, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். எதிராளி ஆடும்போது நாம் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். நம் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஒரே முறையில் பன்னிரண்டு ஹூப்பும் போய்விடுவார். உலகப் பட்டத்தை ஐந்து தடவை வென்ற ராபர்ட் ஃபுல்ஃபோர்ட் போன்றவர்கள் தங்கள் பந்தைக் கூட்டிப் போகும்போதே தங்களுடைய மற்றப் பந்தையும் அதன் கடைசி மூன்று ஹூப் வழியாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரே முறையில் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். ட்ரிபிள் பீல் என்பார்கள். எதிரில் இருப்பவர் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. இப்படி ஒரேயடியாக முடியக் கூடாது என்றுதான், தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடும் முறையில், ஒரே ஓட்டத்தில் ரொம்ப தூரம் போய்விட்டவர் எதிராளிக்கு ஒரு சலுகை கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எதிராளி தன் பந்தைக் கையில் எடுத்து ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அடிக்கலாம்.

ஆரம்பத்தில் அந்த நாற்காலி எனக்கு நரகம். கையைப் பிசைவேன், வேறெங்கோ பார்ப்பேன். வார்டில் எத்தனையோ ராத்திரி நோயாளி பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்தவள் நான். அந்தப் பழக்கம் இங்கே உதவாதா என்று ஒருநாள் தோன்றியது. அங்கே உட்கார்ந்திருப்பது என்றால் கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இங்கேயும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன். எந்தப் பந்தை எங்கே விட்டான், எது கொஞ்சம் குறைவாகப் போய் நின்றது, எங்கே தவறினால் எனக்கு எந்த அடி கிடைக்கும்? நாற்பது நிமிஷம் உட்கார்ந்து, எழுந்ததும் முதல் அடியில் பதினைந்து கஜத்துக்கு அப்பால் இருக்கும் பந்தை அடித்தாக வேண்டும். உடம்பு சில்லிட்டிருக்கும், கை விறைத்திருக்கும், மழை வேறு தூறிக்கொண்டிருக்கும். மழைக்கெல்லாம் இங்கே ஆட்டம் நிற்பதில்லை.

சனிக்கிழமை எனக்கு எதிராக ஆடியது பத்தொன்பது வயதுப் பையன், காலேஜில் படிக்கிறான். என்னைவிட நன்றாக ஆடுபவன், அதனால் எனக்கு நான்கு பிஸ்க் கிடைத்தது. பிஸ்க் என்றால் கூடுதலாக ஒரு முறை ஆடும் உரிமை. புல்வெளி ஓரத்தில் நான்கு வெள்ளைக் குச்சி நட்டு வைப்பார்கள், ஒவ்வொன்று எடுத்தாளும்போதும் ஒன்றைப் பிடுங்கிவிட வேண்டும். அறுபத்தெட்டு வயதுக் கிழவியும் பத்தொன்பது வயதுப் பையனும் நேருக்கு நேர் மோத வேறு எந்த விளையாட்டில் இடம் இருக்கிறது சொல்லு. ஆண் பெண் பேதமும் கிடையாது. 1905லேயே லில்லி கவர் என்ற பெண் ஆண்களோடு ஆடி ஓப்பன் பட்டத்தை வென்றார். டொரதி ஸ்டீல் அதே பட்டத்தை நான்கு தடவை வென்றார்: 1925, 1933, 1935, 1936. விம்பிள்டன் என்றதும் நீ டென்னிஸ் என்பாய். 1868ல் அந்தக் கிளப்பை ஆரம்பித்தது குரோக்கேக்காக. டென்னிஸ் பின்னால் வந்து சேர்ந்தது. கிளப்பின் முழுப் பெயரில் இன்னமும் குரோக்கே இருக்கிறது.

அன்று காலையில் அந்தப் பையன் மூன்றாவது ஹூப்பை அடித்தான். பந்து போய்விட்டது என்றுதான் நாற்காலியிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவன் குனிந்து பார்த்துவிட்டு, "முழுசாகப் போகவில்லை" என்று அவனே சொல்லி, மேலட்டைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிட்டான். என்னை எழுந்துபோய்ப் பார்க்கக்கூட விடவில்லை.

சாயங்காலம் எனக்கு 23 புள்ளி. நீலம் கம்புக்குத் தயாராக இருந்தது. கறுப்புக்குச் சிவப்பு உச்சியுள்ள கடைசி ஹூப் மட்டும் பாக்கி. அதைக் கடந்து இரண்டு பந்தும் கம்பைத் தொட்டால் முடிந்தது. கடைசிக் குச்சியையும் பிடுங்கியாகிவிட்டது. பந்து ஹூப்புக்கு ரொம்பப் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக நின்றது. ரெஃப்ரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். கோணம் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்து அடித்துவிட்டேன். பந்து போய்விட்டது. ஆனால் காலில் உரசித் திரும்பி மேலட்டில் இன்னொரு தடவை பட்டது. இரண்டு தடவை பட்டால் ஃபால்ட். புள்ளி கிடையாது, முறையும் போச்சு. சத்தம் வெளியே கேட்டிருக்காது. என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது.

அவன் நாற்காலி புல்வெளியின் அந்தக் கோடியில் இருந்தது. நீ சொன்ன மாதிரி, யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் கண்ணு, எங்கள் ஆட்டத்தில் அம்பயர் கூடவே நின்றுகொண்டிருப்பதில்லை. ஆடும் இரண்டு பேரும்தான் நடுவர்கள். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர் அவருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவன் அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தது என்னை நம்பி. காலையில் நான் உட்கார்ந்திருந்ததும் அவனை நம்பித்தான். கையை உயர்த்தி "ஃபால்ட்" என்றேன். அவன் வந்து ஆடினான், தப்பே செய்யவில்லை, 26க்கு 23. முடிந்ததும் கை கொடுத்துவிட்டு, கேட்காமலே எனக்கும் ஒரு கப் டீ எடுத்து வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஹூப்பை எப்படி அடித்திருக்கலாம் என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ராத்திரி சாதம் இறங்கவில்லை. சொன்னதற்காக வருத்தமில்லை, ரெஃப்ரியைக் கூப்பிடாததற்குத்தான்.

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாப்பாவுக்குப் பிடித்த அந்தத் தவளை சாக்லேட் இருக்கிறதே, ஃப்ரெட்டோ, அதை முதலில் செய்தது உங்கள் மெல்போர்னில் ஃபிட்ஸ்ராயில் இருந்த மெக்ராபர்ட்சன் கம்பெனி. அந்த முதலாளி கொடுத்த கேடயத்துக்காகத்தான் 1925லிருந்து குரோக்கே ஆடும் நாடுகள் மோதுகின்றன. அடுத்த தவளையைப் பிரிக்கும்போது அவளிடம் சொல்லு, அமுச்சி ஆடும் விளையாட்டுக்குக் கோப்பை கொடுத்த தாத்தாவின் சாக்லேட் என்று.

டிசம்பரில் வருகிறேன். அங்கே அப்போது வெயில் காலம், எனக்கு அதுவே போதும். கேர்ன்லியில் பெரிய குரோக்கே மையம் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து வை. மேலட்டின் கைப்பிடி கழற்ற வராது, பெட்டிக்குள் அடங்காது. நீளமான பையில் தனியாகப் போட்டால் விமானத்தில் எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துச் சொல்லு. ஒருநாள் நீயும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பாரு. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள், நேரமாகும்.

அன்புடன்,
அம்மா