தகரப் பெட்டியை ஒழித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பழைய மதிய உணவுப் பெட்டிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். பிள்ளைகள் தகரப் பெட்டியால் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டதால், ஃபுளோரிடாத் தாய்மார்கள் 1970-களின் தொடக்கத்தில் போராடி அதற்கு முடிவு கட்டினார்கள் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. சேகரிப்பாளர்கள் சுவைபடச் சொல்லும் கதைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. ஹாலிவுட் பட நாயகன் ராம்போவின் படம் போட்ட அதே வகை எஃகுத் தகட்டுப் பெட்டி 1985-இல் கடைக்கு வந்ததே! தகட்டை வெட்டி, மடக்கி, படம் அச்சிட்டுப் பூட்டுவதைவிடப் பிளாஸ்டிக்கை அச்சில் வார்ப்பது மலிவு என்பதே, தாய்மார்களின் கோபத்தைக் காட்டிலும் நம்பத்தக்க காரணமாக எனக்குப் படுகிறது.

பெட்டியின் மேல் படம் ஏன் வந்தது என்பதையும் கட்டுரையாளர் தொடவில்லை. எஃகுப் பெட்டி எளிதில் பழுதாகாது. ஒன்று வாங்கியவர் மறுபடி கடைப்பக்கம் வரமாட்டார். நாஷ்வில் நகரத்து அலாதீன் நிறுவனம் 1950-இல் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த கௌபாய் ஹாப்பலாங் காசிடியின் படத்தைச் சிவப்பு, நீலப் பெட்டிகளில் ஒட்டி விற்றபோது, முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 6 லட்சம் பெட்டிகள் போயின. ஒட்டியது சிறு படம்தான். 1953-இல் போட்டியாளரான அமெரிக்கன் தெர்மாஸ், இன்னொரு கௌபாய் நட்சத்திரமான ராய் ராஜர்ஸின் பெட்டியில் தகடு முழுவதும் வண்ணம் அச்சிட்டதும் அலாதீனும் அவ்வழிக்கு மாறியது. அதன்பின், நல்ல நிலையில் பெட்டி இருக்கும்போதே, புதுத் தொடர் வந்தால் புதுப் பெட்டி கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடிக்கத் தொடங்கினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்துத் தெருவில் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவரிடம் அப்படி ஒரு பெட்டியை வாங்கினேன். மூலைகளில் வண்ணம் உதிர்ந்து துரு ஏறியிருந்தது. படத்தில் குதிரைக்குத் தலை இருந்தது, மேலே இருந்தவருக்கு இல்லை. உள்ளே ஃபிளாஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் வளைகம்பி மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தது. ஃபிளாஸ்க்கை ஆட்டினால் உடைந்த கண்ணாடி கலகலத்தது. மூடியின் உட்புறத்தில் யாரோ ஒரு பிள்ளை தன் பெயரை ஆணியால் கோணல்மாணலாகக் கீறியிருந்தது. படம் போய்விட்டதால் சேகரிப்பாளர் எவரும் அதைச் சீந்தமாட்டார்கள் என்று விற்றவரே சொன்னார். ஆனால் சோறு வைக்க அது இன்றைக்கும் உதவும்.

ஃபுளோரிடாச் செய்தியைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சி