வலை கொடுத்தவருக்கு

ஊர்க்காரர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

நேற்று மதகைத் தூக்கினோம். தண்ணீர் வந்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை. நம் ஏரியை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையை அகற்றப் போன மாதம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

ஜேசிபி கொடுத்தவர்கள், இடுப்பளவு சேற்றில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்ட கல்லூரிப் பிள்ளைகள், நூறு நாள் வேலை அக்காமார்கள், சோறு வடித்துக் கொடுத்த மேலத்தெரு வீடுகள், மருந்தடிக்கக் கிளம்பியவர்களை ‘மாடு குடிக்கிற தண்ணீர்’ என்று தடுத்த பெரியவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பெயர் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்; அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் மீன்காரர். நம் ஏரிப் பாசனத்தில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இயந்திரமும் போய், போட்டோ எடுத்தவர்களும் போன பிறகு, தெர்மாக்கோல் தெப்பத்தில் தனியாக உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். திருட்டு மீன் என்று நினைத்து அதட்டினேன். கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் குட்டிச் செடிகள். “விட்டால் பதினைந்து நாளில் ஒன்று இரண்டாகிவிடும், தம்பி” என்றார்.

பிறகு வரத்துக்காலுக்கு அழைத்துப் போனார். மேல் ஏரியிலிருந்து செடிகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்துகொண்டிருந்தன. இத்தனை நாள் உழைத்த எங்களில் ஒருவருக்கும் அந்தப் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் விடிவதற்குள் இரு கரையிலும் சவுக்குக் கம்பு நட்டு, தன் வலையைக் குறுக்கே கட்டியிருந்தார். பெருவெள்ளம் வந்தால் உடனே அவிழ்த்துவிடச் சொன்னார். கூலி பற்றிக் கேட்டதற்குப் பீடியைப் பற்றவைத்தார்.

அமேசான் பக்கத்துச் செடியாம். பூவின் அழகுக்காகக் கொண்டுவந்தார்களாம். அந்த ஊதாப் பூவை என் மகளுக்கு நானே பறித்துக் கொடுத்திருக்கிறேன். சேற்றில் புதைந்த விதை 20 ஆண்டு கழித்தும் முளைக்கும் என்று ஒரு பிள்ளை சொன்னபோது வயிறு கலங்கியது. எனக்கு இப்போது 54. உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஞாயிறுதோறும் வலையில் சிக்கியதை அள்ளுவது என் வேலை. கூட வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். அள்ளியதைத் தண்ணீரோரம் குவிக்காதீர்கள். ஒரு மழையில் ஏரிக்கே திரும்பிவிடும்.

புது வலை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். நாளை விடியுமுன் அவர் தெப்பத்தில் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றிருக்கிறேன்.