ஜாங்கோ டீம் லீடுகளுக்கு ஒரு திறந்த மடல்: மைக்ரேஷன் ஃபைலை கிட்ல போடுங்க

வணக்கம்.

ஜாங்கோல (பைத்தான்ல வெப் ஆப் கட்டுற ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்ட் நடத்துற டீம் லீடுங்க எல்லாருக்கும் இந்த லெட்டர். கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரை, அதாவது டேட்டாபேஸ் டேபிள்ல என்ன மாத்தணும்னு எழுதி வச்சிருக்குற ஃபைல்களை, கிட்இக்னோர்ல (கோடை சேத்து வைக்கிற கிட் கண்டுக்காம விடவேண்டிய லிஸ்ட்) போட்டுட்டு சர்வர்ல டிப்ளாய் ஸ்கிரிப்ட்டுக்குள்ள அந்த ஃபைலை எழுதுற மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்டை ஓட விடுறீங்களே, அத தயவு செஞ்சு நிறுத்துங்க. நான் வேலை பாத்த மூணு டீம்ல ரெண்டுல இப்படித்தான் இருந்துச்சு.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு க்ளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் ஆப் பண்ணிட்டு இருந்தோம், பேஷன்ட் மாடல்ல (டேபிள் எப்படி இருக்கணும்னு சொல்ற கோட்) போன்னு இருந்த ஃபீல்டை மொபைல்னு மாத்துனான் டீம்ல புதுசா சேர்ந்த தம்பி. அவன் லேப்டாப்ல மேக்மைக்ரேஷன்ஸ் அடிச்சப்போ இதுக்கு பேர் மாத்துனீங்களான்னு ஜாங்கோ கேட்டுச்சு, ஒய் அடிச்சான், ரீநேம்ஃபீல்டுன்னு ஃபைல் சரியா வந்துச்சு. ஆனா அந்த ஃபைல் கிட்டுக்கு போகவே இல்ல. சர்வர்ல ஸ்கிரிப்ட் ஓடுனது நோஇன்புட் ஆப்ஷனோட, அதாவது கேள்வியே கேக்காம, பதில் சொல்ல ஆள் இல்லன்னா பேர் மாத்தலன்னு தான் ஜாங்கோ எடுத்துக்கும், அதனால பழைய ஃபீல்டை தூக்கிட்டு புதுசா காலியா ஒண்ணு சேத்துடுச்சு. ப்ளாங்க் ட்ரூன்னு, அதாவது காலியா விடலாம்னு, இருந்ததால எரர் கூட வரல, அந்த ஃபைல்ல இருக்குறத டேட்டாபேஸ்ல செய்யுற மைக்ரேட் கமாண்டும் ஓகேன்னு தான் காட்டுச்சு.

ராத்திரி பேக்கப்ல இருந்து நம்பரை எல்லாம் திருப்பி ஏத்துனோம், ஆனா அன்னைக்கு காலைல புக் பண்ணவங்க நம்பர் போனது போனது தான், ரிசப்ஷன்ல இருந்த அக்கா நோட்டுல எழுதி வச்சிருந்தத பாத்து ஒவ்வொண்ணா டைப் பண்ணாங்க. திட்டு வாங்குனது அந்த தம்பி. அவன் மேல ஒரு தப்பும் கிடையாது, அவன் கேள்விக்கு சரியா தான் பதில் சொன்னான், அந்த பதிலை தூக்கி போட்டது நாம வச்சிருந்த முறை.

2014 செப்டம்பர்ல ஜாங்கோ 1.7 வந்தப்போ தான் மைக்ரேஷன் உள்ளயே வந்துச்சு, அதுக்கு முன்னாடி சவுத்னு தனி பேக்கேஜ், ரெண்டையும் எழுதுனவர் ஆண்ட்ரூ காட்வின். அப்பத்துல இருந்தே மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட்னு ரெண்டு கமாண்டா தான் இருக்கு. முதலாவது டெவலப்பர் லேப்டாப்ல ஓடி ஃபைல் எழுதணும், அத மத்தவங்க படிக்கணும், ரெண்டாவது மட்டும் தான் ப்ரொடக்ஷன்ல (நிஜமா ஆளுங்க பயன்படுத்துற சர்வர்ல) ஓடணும். ரெண்டையும் சர்வர்ல ஒட்டி விட்டா நடுவுல மனுஷன் பாக்குற இடமே போயிடுது.

ஃபைலை கிட்ல போட்டா ஒருத்தர் மைக்ரேஷனும் இன்னொருத்தர் மைக்ரேஷனும் மோதி கான்ஃப்ளிக்ட் வருதுன்னு சொல்றீங்க. ரெண்டு பேரு ஆளுக்கொரு 0012ம் நம்பர் ஃபைல் எழுதுனா மைக்ரேட் நின்னு சொல்லுது இல்ல, அது நல்லது தானே, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கலன்னா மேக்மைக்ரேஷன்ஸ்ல மெர்ஜ் ஆப்ஷன் போட்டா முடிஞ்சுது.

ரிவ்யூல எஸ்க்யூஎல்மைக்ரேட் (மைக்ரேஷன் டேட்டாபேஸ்ல ஓட விடப்போற எஸ்க்யூஎல்லை காட்டுற கமாண்ட்) அவுட்புட்டையும் கேளுங்க. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல பெரிய டேபிள்ல சாதாரணமா இன்டெக்ஸ் (வேகமா தேடுறதுக்கு) போட்டா அது முடியுற வரைக்கும் அந்த டேபிள்ல எழுத முடியாது, ஜாங்கோ 3.0ல இருந்து எழுதுறத தடுக்காம இன்டெக்ஸ் போடுற ஆட்இன்டெக்ஸ்கன்கரன்ட்லி இருக்கு, மைக்ரேஷன்ல அட்டாமிக் ஃபால்ஸ் போட்டு (ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள ஓடாதபடி) அத பயன்படுத்தலாம். மைஎஸ்க்யூஎல்னா இன்னும் கவனம், ஸ்கீமா (டேபிள் அமைப்பு) மாத்துறது அங்க ரோல்பேக் ஆகாது, பழைய நிலைக்கு தானா திரும்பாது, பாதில ஃபெயில் ஆனா பாதி மாறுனபடியே நிக்கும்.

இப்போ மாறணும்னு நினைக்கிறவங்களுக்கு, லேப்டாப்ல இருக்குற ஃபைலை கமிட் பண்ணிடாதீங்க, ஆளாளுக்கு வேற வேற வரிசைல இருக்கும். ப்ரொடக்ஷன் சர்வர்ல இருக்குற மைக்ரேஷன் ஃபைல்களை அப்படியே எடுங்க, டேட்டாபேஸ்ல ஜாங்கோ மைக்ரேஷன்ஸ் டேபிள்ல பதிவாயிருக்குற பேரோட ஒத்துப் போறது அது தான். அத கமிட் பண்ணிட்டு கிட்இக்னோர்ல அந்த வரியை எடுங்க, ஸ்கிரிப்ட்ல மேக்மைக்ரேஷன்ஸ் வரியை தூக்குங்க, சிஐல (கோட் போட்டதும் தானா டெஸ்ட் ஓட்டுற இடம்) அதே மேக்மைக்ரேஷன்ஸை செக் ஆப்ஷனோட ஒரு தடவ ஓட விடுங்க, யாராவது மாடலை மாத்திட்டு ஃபைல் போட மறந்தா அங்கயே நிக்கும். முக்கால்வாசி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மதியம் போதும்.

இப்படிக்கு,
உங்கள மாதிரி ஜாங்கோல வேலை பாக்குற ஒருத்தன்