பெயர்ப்பலகையில் நட்சத்திரம், குசினியில் நம் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் நடத்தும் உணவகங்கள் பற்றிக் கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். யார் முதல் போட்டார்கள், எந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் போனது என்றெல்லாம் விரிவாக இருந்தது. அங்கே கோப்பை கழுவுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை தேயிலைத் தோட்டங்களில் படிப்பை முடித்துக் கொழும்புக்கு பஸ் ஏறும் பொடியன்களில் எத்தனையோ பேர் போய்ச் சேருவது இந்தக் குசினிகளில்தான். அவர்களுக்குப் பாடம் சொன்னவள் என்பதால் எழுதுகிறேன்.

பெரிய பெயர் இருந்தால் கடை நிலைக்கும் என்று நம்ப முடியாது. 1991இல் நியூயோர்க்கில் தொடங்கிய பிளானட் ஹொலிவூட் உணவகத்துக்கு ஸ்டலோன், சுவார்ஸ்நேகர், புரூஸ் வில்லிஸ் என்று ஹொலிவூட் நடிகர்கள் எல்லோரும் விளம்பர முகமாக இருந்தார்கள். 1996இல் 18 டொலருக்கு விற்பனைக்கு வந்த அதன் பங்கு, 1999இல் ஒரு டொலருக்கும் கீழே போய், கம்பனி வங்குரோத்தானது. சுவரில் மாட்டிய சினிமாப் பொருட்களைப் பார்க்க ஒருமுறை வந்தவர்களை மறுபடி வரவைக்கும் சாப்பாடு அங்கே இல்லை. அதற்குள் ஊர் ஊராகக் கிளைகளும் திறந்துவிட்டார்கள். சரி, சமைக்கத் தெரிந்தவர் நடத்தினால்? தொலைக்காட்சியில் சமைத்துப் புகழ்பெற்ற பிரித்தானியச் சமையல் கலைஞர் ஜேமி ஒலிவர் 2008இல் தொடங்கிய இத்தாலிய உணவகங்களும் வாடகையிலும் கடனிலும் சிக்கின. 2019 மே மாதம் அவருடைய 25 உணவகங்களில் 22 ஒரேயடியாக மூடப்பட்டு, சுமார் ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். அவரோ இன்றும் தொலைக்காட்சியில் வருகிறார்.

நல்ல உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவும் மஹேலவும் சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாசவோடு சேர்ந்து 2011இல் கொழும்பு கோட்டையில் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்த நம் களப்பு நண்டை முன்னால் வைத்தார்கள், குசினியைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டார்கள். நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் எந்தக் கடை நிலைக்கும் என்று வேலைக்குப் போகும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? என்னிடம் படித்த ஒருவன், பிரபலம் ஒருவரின் கடை மூடியபோது சம்பள பாக்கியோடு ஊர் திரும்பினான். கையில் நியமனக் கடிதம் இல்லை, ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி கட்டியதற்கு அத்தாட்சியும் இல்லை. அந்தப் பிரபலத்தோடு எடுத்த படம் மட்டும் போனில் இருந்தது. அவனுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஈ.பி.எப். என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். மகனுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை போடும்போது பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள். ஈ.பி.எப்.புக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்தால், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் கட்ட வேண்டும். ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டுமே 3 சதவீதம் கட்ட வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ஹட்டனிலிருந்து போகிறவன் இதை பஸ்ஸில் இருந்தே வாசித்துவிட்டு, முதல் நாளே நியமனக் கடிதத்தைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.