ஆடி அமாவாசையன்று நீ கேட்டது

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதற்குள் அடங்கவில்லை. உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் சில வீடுகளிலும் இதையே கேட்டிருப்பார்கள் என்று பட்டதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

அன்றைக்கு இலை போட்டு, சூடம் காட்டுவதற்குள் கேட்டாய்: "அத்தை, இந்தத் தாத்தா ஜப்பான்காரன் பக்கம்தானே சண்டை போட்டாரு?" நான் "முதல்ல சாமி கும்பிடு" என்று வாயை அடைத்தேன். உன் அப்பன் முறைத்தான். நீ பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாய். நான்காம் படிவச் சரித்திரப் பாடத்தில் ஜப்பான் ஆட்சியைப் படித்துவிட்டு வந்த பிள்ளை, கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். உன்னை அடக்கியது என் தப்பு. பாட்டி எங்களை அடக்கிய பழக்கம், அப்படியே கைமாறி வந்துவிட்டது.

சரி, கேட்டதற்குப் பதில். ஆமாம், ஜப்பான் பக்கம்தான்.

அவர் என் பாட்டிக்கு அண்ணன், உனக்குக் கொள்ளுத்தாத்தா முறை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. ஜப்பான்காரன் வந்தபோது வயது பதினெட்டோ பத்தொன்பதோ. 1941 டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கில் குண்டு விழுந்த புகை அக்கரையில் இருந்த லயம், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், வரைக்கும் தெரிந்ததாம். அதற்கு அடுத்த வாரமே வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக் கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்லக்கூட இல்லை. இது பாட்டி சொன்ன கதையில்லை, சரித்திரமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. "தொரை போன அன்னைக்கு நாயைக்கூடக் கட்டு அவுக்காமப் போனான்" என்பது மட்டும் பாட்டி சொன்னது.

அப்புறம் தோட்டத்தில் வேலை இல்லை, ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான். அதோடு சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் தண்டவாளம். லயம் லயமாக நம் ஆட்கள் போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், சம்பளம் உண்டு என்று சொல்லித்தான் அழைத்துப்போனது. காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒழுங்கான கணக்குகூடக் கிடையாது. பாட்டியின் சித்தப்பா ஒருவர் அப்படிப் போனவர்தான், வரவே இல்லை.

இந்த நேரத்தில்தான் 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வருகிறார். அதற்கு முந்திய வருஷமே ஐ.என்.ஏ. என்கிற இந்திய தேசிய ராணுவம் தொடங்கியிருந்தாலும், அது பெரும்பாலும் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய்கள் சேர்ந்த படை. நேதாஜி வந்த பிறகுதான் தோட்டத்து ஆட்களும் கடைச்சிப்பந்திகளும் சேர்ந்தார்கள், பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படையும் உண்டானது. அவர் இந்துஸ்தானியில் பேசுவார், கூடவே தமிழில் ஒருவர் மொழிபெயர்ப்பார். கூட்டத்திலேயே பெண்கள் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

தாத்தா ஏன் சேர்ந்தார்? மேடையில் கேட்டால் நாட்டுப்பற்று என்பார்கள். பாட்டியைக் கேட்டால், "சயாமுக்குப் போனா சாவு, நேதாஜிகிட்ட போனா ரெண்டு வேளை சோறு" என்பார். ரெண்டும் நிஜம் என்றுதான் எனக்குப் படுகிறது. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை நான் பெரியவளான பிறகுதான் பாட்டி சொன்னார்.

பயிற்சிக்குப் போனவர் ஒரே ஒருமுறை லீவில் வந்தாராம். காக்கிச் சட்டை, தொப்பி, இரவல் சைக்கிள். அந்தக் காலத்தில் தொரையைக் கண்டால் தோட்டத்து ஆள் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். இவருடைய அப்பா அப்படி இறங்கத் தாமதித்து ஒருமுறை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னிலையிலும் திட்டு வாங்கியவர். தாத்தா அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? லயத்திலிருந்து தொரையின் பங்களா கேட் வரைக்கும் ஓட்டிப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். வழி முழுக்க மணியை அடித்துக்கொண்டே. பங்களாவில் ஆளே இல்லை, பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டு வயதுத் தங்கச்சி பின்னாடி கேரியரில் உட்கார்ந்திருந்தாள். "காலி வீட்டுக்கு எதுக்குண்ணே மணி அடிக்கிறே?"ன்னு கேட்டேன், "வீடு காலியா இருந்தா என்ன, ரோடு அதேதான"ன்னு சொன்னான் என்பார் பாட்டி. இந்த இடத்தில் மட்டும் எப்போதும் சிரித்துவிடுவார்.

அதுதான் கடைசி.

1944இல் இம்பாலுக்குப் போன படையில் அவர் இல்லை. மார்ச்சில் தொடங்கி ஜூலையில் பின்வாங்கிய அந்தப் போரில் குண்டால் செத்தவர்களைவிட மழையிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் அதிகம். இவர் அதற்குப் பிறகு பர்மாவுக்கு அனுப்பப்பட்டவர். 1945 பிப்ரவரியில் ஐராவதியைக் கடக்க வந்த பிரிட்டிஷ் படையை பாகான், நியாவுங்-ஊ பக்கம் ஐ.என்.ஏ. எதிர்த்து நின்றது. கடக்க வந்ததும் இந்திய டிவிஷன்தான். ஆற்றுக்கு இந்தக் கரையிலும் இந்தியர்கள், அந்தக் கரையிலும் இந்தியர்கள். அப்புறம் போப்பா மலை. கூடப் போன ஒருவர் 1946இல் திரும்பி வந்து, மலையடிவாரத்தில் ஒரு மரத்தடியில் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்தோம், தண்ணீர் கேட்டான் என்றாராம். அவரே இரண்டு வருஷம் கழித்து, அது அவனில்லை, வேறு ஆள் என்று மாற்றிச் சொன்னார். பாட்டியின் அம்மா சாகிற வரைக்கும் இரண்டாவதைத்தான் நம்பினாள். நாள் தெரியாததால் திதி கிடையாது. அதனால்தான் நமக்கு ஆடி அமாவாசை.

இனி உன் கேள்வியின் உள்கேள்விக்கு வருகிறேன். ஜப்பான் பக்கம் நின்றவருக்கு நாம் ஏன் இலை போட வேண்டும் என்பதுதானே? நீ அதைக் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் இருந்தது.

நம் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியின் தாத்தாவை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போனான். பாட்டிக்கும் அந்த ஆண்ட்டிக்கும் நாற்பது வருஷச் சிநேகம். ஒருநாளும் பாட்டி அந்த வீட்டில் தன் அண்ணன் பேச்சை எடுத்ததில்லை. ஆயர் ஈத்தாமில் 1951இல் எழுப்பிய சீனர்களின் போர் நினைவுச் சின்னத்தை நீ பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருப்பாய். 1939இல் இங்கிருந்தெல்லாம் 3,000க்கும் மேற்பட்ட சீன லாரி ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஜப்பானை எதிர்க்கும் சீனாவுக்குச் சாமான் ஏற்றப் போனார்கள். அவர்கள் லாரி ஓட்டியது பர்மாவிலிருந்து சீனாவுக்குப் போகிற பர்மா ரோட்டில். ஐந்து வருஷம் கழித்து நம் தாத்தா ஜப்பானோடு சேர்ந்து போனதும் பர்மாவுக்குத்தான். ஒரே பினாங்கு, ஒரே பர்மா. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். பாட்டி வாயை மூடியது பயத்தினால் இல்லை, மரியாதையினால் என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 11ஆம் தேதி பாடாங் கோத்தா லாமாவில் கடலோர நினைவுத்தூணில் ஊதுகுழல் ஊதி மலர்வளையம் வைப்பார்கள். ஒருமுறை போய் ஓரமாக நின்றேன். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ரங்கூனுக்கு வெளியே தௌக்கியானில், உடல் கிடைக்காத காமன்வெல்த் வீரர்கள் கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தாத்தாவுக்கு எதிர்க்கரையில் நின்றவர்கள் அதில் இருப்பார்கள், தாத்தா இருக்க மாட்டார். தாத்தா பக்கத்து ஐ.என்.ஏ. ஆட்களுக்கும் ஒரு கல் இருந்தது. சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8ஆம் தேதி நேதாஜி அடிக்கல் நாட்டியது. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995இல் வைத்த ஓர் அடையாளப் பலகைதான் இப்போது இருக்கிறது. போன வருஷம் சிங்கப்பூர் போனபோது பார்த்தேன். ஒரு ஜோடி அதில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. முடியட்டும் என்று காத்திருந்து, பையிலிருந்த மல்லிகையை வைத்துவிட்டு வந்தேன்.

அவரைத் தியாகி என்று நீ சொல்ல வேண்டியதில்லை. ஐ.என்.ஏ. என்றால் உடனே உணர்ச்சிவசப்படுகிற பேச்சாளர்களைக் கேட்டால் எனக்கே சங்கடமாக இருக்கும், சீனர் வீட்டுச் சாவு அவர்கள் பேச்சில் வராது. துரோகி என்பதற்கும் நான் விடமாட்டேன். விட்டுவிட்டு ஓடிய ராஜாவுக்கு இவர் என்ன துரோகம் செய்தார்? இலை போடுவது எந்தப் பக்கத்துக்கும் இல்லையடா. காலி பங்களாவுக்கு மணி அடித்த அந்தப் பையனுக்கு.

இன்னொன்று. இலையில் மரவள்ளிக்கிழங்கு வைக்கலாமா, அந்தக் காலத்துச் சாப்பாடாச்சே என்று உன் அம்மா கேட்டது நல்ல எண்ணத்தில்தான். பாட்டி ஒருபோதும் வைக்க விடமாட்டார். "கிழங்கு தின்னு தின்னுதான் போனான், அவனுக்குச் சோறு வை." அதனால்தான் அந்த இலையில் மட்டும் சோறு அவ்வளவு குவியலாக இருக்கும்.

படத்துக்குப் பதிலாக வைக்கிற கத்தியைப் பற்றியும் கேட்டாய். அவரைப் படம் எடுத்ததே இல்லை. அது அவர் பால் வெட்டிய கத்தி. போகும்போது தங்கச்சியிடம் கொடுத்து, "துருப் பிடிக்காம பாத்துக்க" என்றாராம். பாட்டி வருஷா வருஷம் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய கைலித் துணியில் சுற்றி வைப்பார். பிடியில் கட்டைவிரல் அழுந்தி அழுந்தி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் விரலை அதில் வைத்துப் பார்த்தாய், பாதிக்குக்கூட வரவில்லை.

இப்போது அந்தப் பிடி ஆடுகிறது, பூண் தளர்ந்துவிட்டது. எனக்கு இறுக்கத் தெரியவில்லை. பள்ளி விடுமுறைக்கு வரும்போது உன் அப்பனின் சாமான் பெட்டியை எடுத்து வா. எண்ணெய் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை