மடங்குக் கணக்கை விடுங்கள், திருகைச் சுற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுக்கச் சொல்லி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைதான், ஆனால் முழுக்க முழுக்க எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற பேச்சாகவே இருந்தது. அட்டைப்பெட்டியில் 500 என்று போட்டிருந்தாலும் சரி, 60 மி.மீ. லென்ஸில் 120 மடங்கைத் தாண்டினால் படம் பெரிதாகுமே தவிர தெளிவாகாது. கேட்டு வாங்க வேண்டியது நல்ல ஃபோகஸரை, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸான ஐபீஸைத் தாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்து படத்தைத் தெளிவாக்குவது ஃபோகஸர்தான். மலிவான கருவிகளில் பற்சக்கரமும் அது ஓடும் பற்சட்டமும் பிளாஸ்டிக்கில் இருக்கும், ஆட்டம் தெரியாமலிருக்கக் கெட்டி கிரீஸை அப்பியிருப்பார்கள். திருகை ஒரு பக்கம் சுற்றினால் நகரும், மறுபக்கம் சுற்றினால் கொஞ்சம் சும்மா சுற்றிவிட்டு அப்புறம்தான் பிடிக்கும். 100 மடங்கில் பார்க்கும்போது பூமியின் சுழற்சியால் சனிக் கோள் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் பார்வையை விட்டுப் போய்விடும், அதற்குள் திருகோடு மல்லுக்கட்ட முடியுமா? காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இப்படி ஒரு கருவி பீரோவில் தூங்குகிறது. லென்ஸில் ஒரு குறையும் இல்லை, ஃபோகஸர் குழாய்தான் லொடலொடவென்று ஆடுகிறது. பார்த்த பிள்ளைகள் “ஒண்ணுமே தெரியல சார்” என்று இறங்கிப் போனதோடு சரி.

இதில் துல்லியம் சும்மா இல்லை. குவியத் தூரம், அதாவது முன் லென்ஸிலிருந்து படம் விழும் இடம் வரையிலான தூரம், லென்ஸ் விட்டத்தைப் போல் பத்து மடங்கு இருந்தால் ஐபீஸை சுமார் 0.2 மி.மீ. இடைவெளிக்குள் எங்கே நிறுத்தினாலும் படம் தெளிவாக இருக்கும், ஐந்து மடங்குதான் என்றால் அது 0.05 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் குட்டையான கருவி வாங்குகிறவர்கள், பெரிய திருகோடு பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகர்த்தும் சின்னத் திருகும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தில் கிரேஃபோர்ட் வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் என்பவர் 1970களில் பல்லே இல்லாத ஃபோகஸரைக் கொண்டுவந்தார். குழாய் நான்கு பேரிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் ஒரு வழவழப்பான உருளைக் கம்பி அழுத்திப் பிடிக்கும், உராய்விலேயே குழாய் நகரும். பல் இல்லை, அதனால் சும்மா சுற்றுவதும் இல்லை. பர்மாத் தேக்குக் கதவை ஒரு விரலால் தள்ளுகிற மாதிரி அவ்வளவு சுலபம். கனமான கேமராவை மாட்டி உச்சி வானத்தைப் பார்த்தால் மட்டும் வழுக்கும், அங்கே உலோகத்தில் ஒழுங்காகச் செய்த பல் ஃபோகஸரே மேல். சொல்லப்போனால், அளவு போட்டுக் கொடுத்தால் இந்த கிரேஃபோர்ட் வகையை நம்மூர் லேத் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

கடையிலேயே சோதிக்கலாம். தூரத்துக் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ பார்த்தபடி திருகை முன்னும் பின்னும் சுற்றுங்கள், படம் பக்கவாட்டில் குதிக்கக் கூடாது. குழாயை நீட்டி வைத்து விரலால் ஆட்டிப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

- வாசகர் ஒருவர், காரைக்குடி